ஒரே சிறுமி, இரண்டு சீட்டு: ஏற்காடு மலையில் ஒரு வளர்ச்சிக் குறைவு குறித்த நிகழ்வு ஆய்வு

குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதும் பதிவு இது. ஊர், பள்ளி, பிறந்த தேதி எதையும் சொல்லவில்லை. மலைப்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயரம், எடை பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், விடுதிக் காப்பாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நான் சேலத்தில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். மலைக்கு முகாமுக்குப் போகும் குழுவிலும் இருக்கிறேன்.

பின்னணி

சேர்வராயன் மலைக் கிராமங்களில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசும் மலை மக்கள். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் சில காபிச் செடிகள், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, மீதி நாள் எஸ்டேட்டில் கூலி. சாமையும் ராகியும் விளைந்த துண்டு நிலங்களில் இப்போது காபிதான். அடுப்பில் வேகுவது ரேஷன் அரிசி.

இந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஆறாம் வகுப்பு, உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை ஊரிலிருந்த தொடக்கப் பள்ளியில் படித்தவள். தம்பிக்கு எட்டு வயது, கடைக்குட்டித் தங்கைக்கு மூன்று. அப்பா எஸ்டேட்டில் நிழல் மரம் கவாத்து செய்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சேலத்தில் அறுவை சிகிச்சை, பிளேட் வைத்தார்கள், ஒரு வருஷத்துக்கு மேல் வேலை இல்லை. இப்போதும் மரம் ஏற முடியாது. கிடைக்கும் லேசான வேலையைச் செய்கிறார்.

விபத்தை இங்கேயே சொல்லிவிட்டேன். ஆனால் முகாம் சீட்டிலோ கிளினிக் சீட்டிலோ இது ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கே பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு சீட்டு

ஜூலையில் பள்ளியில் ஒரு முகாம் நடந்தது. சிறுமியின் உயரம் 128.2 செ.மீ., வயது 11 வருஷம் 8 மாதம் என்று எழுதி, உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டு, சிவப்பு மையில் ‘கடுமையான வளர்ச்சிக் குறைவு’ என்று குறித்திருந்தார்கள். மேல் சிகிச்சைக்குப் பரிந்துரையும் இருந்தது.

பயந்துபோன அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையைச் சேலத்துக்கு ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப் போனார். அங்கே உயரம் 131 என்று வந்தது. வயது கேட்டார்கள், அம்மா “பதினொண்ணுங்க” என்றார். இந்தியப் பிள்ளைகளுக்கான வரைபடத்தில் வைத்துப் பார்த்ததில் புள்ளி மூன்றாவது சதமானக் கோட்டுக்கு (நூறு பிள்ளைகளில் மூன்று பேர் மட்டுமே கீழே நிற்கும் கோடு) மேலே விழுந்தது. பெற்றோர் உயரத்தையும் கேட்டுவிட்டு, ‘குடும்ப வாகு, இயல்பு’ என்று எழுதி ஒரு டானிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மலை முகாமில் அம்மா இரண்டு சீட்டையும் மேசைமேல் வைத்தார். “இதுல எதை நம்பறதுங்க டாக்டரம்மா?”

விடுதியில் ஏற்கனவே ஒரு பதில் தயாராக இருந்தது: மலைப் பிள்ளைங்க இப்படித்தான் இருப்பாங்க. நல்லெண்ணத்தில் சொன்னதுதான், பிள்ளையைக் கேலியிலிருந்து காப்பாற்றும் எண்ணமும் அதில் உண்டு. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு எத்தனை பிள்ளைகளின் கோப்பு மூடப்பட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் வயது, பிறகு அளவு

இரண்டு சீட்டும் முரண்படக் காரணம் இரண்டு வரைபடங்கள்தான் என்று முதல் பார்வையில் தோன்றும். உண்மையில் மூன்று விஷயங்கள் மாறியிருந்தன: வயது, உயரம், வரைபடம். வரைபடத்தைப் பற்றிப் பேசும் முன் மற்ற இரண்டையும் தீர்த்துக்கொள்ள முடிவு செய்தோம்.

பள்ளிப் பதிவேட்டில் இருந்த பிறந்த தேதியும் தாய் சேய் அட்டையில் இருந்த தேதியும் எட்டு மாதம் வேறுபட்டன. மலையில் மட்டும் நடப்பதல்ல இது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது நிரம்ப வேண்டும். நாலரை வயதுப் பிள்ளையைச் சேர்க்க ஏதோ ஒரு தேதியைச் சொல்லிவிடுவார்கள். பிள்ளை காகிதத்தில் மூத்துப்போகும். அதன் பிறகு ஒவ்வொரு முகாமிலும் தன்னைவிட எட்டு மாதம் பெரிய பிள்ளைகளோடு ஒப்பிடப்படும். பிரசவம் நடந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவையும் பார்த்தோம், அட்டைதான் சரி. சிறுமிக்கு அப்போது சரியாக 11 வயது. பிறந்தபோது எடை 2.3 கிலோ.

உயரத்துக்கு வருவோம். பள்ளியில் சுவரில் ஒட்டிய டேப். சுவரடியில் ஓடும் திண்டு குதிகாலைச் சுவரோடு ஒட்ட விடாது. முகாம் நடந்தது மாலையில்; காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் வரை குறைவது எல்லோருக்கும் உள்ளது. கிளினிக்கில் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை என்கிறார் அம்மா. உச்சியில் சேர்த்துக் கட்டிய சடையும் இருந்தது. நாங்கள் சடையை அவிழ்த்து, வெறுங்காலில், பலகையில் நிறுத்தி, இரண்டு பேர் தனித்தனியே அளந்து சராசரி எடுத்தோம்: 129.4 செ.மீ. எடை 24.6 கிலோ.

உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி 11 வயதுப் பெண் பிள்ளையின் நடு அளவு சுமார் 145 செ.மீ. அதிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் (பிள்ளைகளின் உயரம் நடு அளவைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதன் அலகு) தள்ளியிருக்கிறாள் என்பதுதான் இசட் ஸ்கோர். முகாம் சீட்டின் கணக்கில் −3.1, திருத்திய வயதும் உயரமும் வைத்தால் −2.35. கடுமையான குறைவு, குறைவு என்று ஆகிவிட்டது. மறுபக்கம், இந்திய வரைபடத்தில் மூன்றாம் கோட்டுக்கு மேலே இருந்த புள்ளி இப்போது சரியாக அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த தூரத்தில் பெரும்பகுதி டேப்பும் தேதியும் உண்டாக்கியது.

எந்த வரைபடம்?

மீதியிருந்த வித்தியாசம் வரைபடத்தினுடையது. அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் “நம்ம பிள்ளைக்கு நம்ம சார்ட்” என்ற பேச்சு இப்போது அதிகம் கேட்கிறது.

ஐந்து வயது வரை சச்சரவு இல்லை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை, தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006ல் அந்த வரைபடத்தை வெளியிட்டது. இந்தியாவிலிருந்து சேர்ந்தவர்கள் தெற்கு டெல்லியின் வசதியான வீட்டுக் குழந்தைகள். அவர்களும் ஆஸ்லோ குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். நம் குழந்தைகள் பிறவியிலேயே குட்டை என்ற பேச்சுக்கு, குறைந்தது முதல் ஐந்து வருஷத்துக்கு, அதோடு இடமில்லாமல் போனது.

ஐந்து வயதுக்கு மேல் கதை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணை புதிதாகப் பிள்ளைகளை அளந்து செய்ததல்ல. 1977ல் அமெரிக்கா வெளியிட்ட பழைய தரவைச் செப்பனிட்டது. அதன்படி 19 வயதுப் பெண்ணின் நடு உயரம் 163 செ.மீ. இந்தியாவில் வசதியாக வளரும் பெண்களின் சராசரியே அவ்வளவு வராது. பூப்படைவதும் இங்கே சற்று முன்னதாக நடக்கிறது. வளர்ச்சி அந்தக் கோட்டிலிருந்து விலகுவது பதின்வயதில்தான் கூடுதலாகத் தெரியும். அதனால்தான் ஐஏபி என்று நாங்கள் சொல்லும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம், 5 முதல் 18 வயது வரைக்கான வரைபடத்தை 2015ல் திருத்தி வெளியிட்டது. சென்னை, மதுரை உட்பட 14 நகரங்கள், 33,148 பிள்ளைகள்.

யாருடைய பிள்ளைகள் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நடுத்தர, மேல்தட்டு வீட்டுப் பிள்ளைகள். வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தார்கள், சாப்பாட்டுக் குறை இல்லாத இந்தியப் பிள்ளை எப்படி வளர்கிறது என்று பார்க்க. மிகப் பருமனான பிள்ளைகளின் அளவுகளை நீக்கியும் விட்டார்கள், பருமன் இயல்பென்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக. அவ்வளவு கவனமாகச் செய்த வரைபடத்தில் மூன்றாவது கோட்டில் நிற்கும் ஒரு கூலி வீட்டுப் பிள்ளையை ‘இயல்பு’ என்று எழுதி அனுப்புவது அந்த வரைபடத்தின் குற்றமல்ல. நூறு வசதியான வீட்டுப் பிள்ளைகளில் மூன்று பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள் என்பதே அதற்குப் பொருள். இந்தச் சிறுமி அந்த நூறு பேரில் ஒருத்தி அல்ல.

எங்கள் குழுவிலேயே ஒரு யோசனை வந்தது: பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று தனி வரைபடம் இருந்தால் என்ன? எனக்கு உடன்பாடில்லை. தலைமுறையாகக் குறைவாகச் சாப்பிட்டவர்களை அளந்து கோடு போட்டால், பசியையே அளவுகோலாக்கியதாகிவிடும். எல்லாத் தட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து 1956 முதல் 1965 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) எடுத்த அளவுகள் இருக்கின்றன. வளர வேண்டிய அளவு இது என்று அவற்றைக் காட்ட முடியாமல் போனதும் இதனால்தான்.

கிளினிக்கின் இன்னொரு வாதம் பெற்றோர் உயரம். அப்பா 157.5, அம்மா 146.2. சூத்திரப்படி இரண்டையும் கூட்டி, பெண் பிள்ளை என்பதால் 13 கழித்து, பாதியாக்கினால் சிறுமியின் எதிர்பார்ப்பு உயரம் 145.4 வருகிறது. இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் அவள் எதிர்பார்ப்பைவிட நன்றாகவே வளர்கிறாள்! ஆனால் பெற்றோரின் உயரத்தில் மரபு மட்டும் இல்லை, அவர்கள் சிறுவயதில் சாப்பிட்ட சாப்பாடும் இருக்கிறது. அம்மாவின் தங்கை குடும்பம் சேலத்தில் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. அவர் மகளுக்கும் 11 வயது, உயரம் 139. ஒரு சித்தி மகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அவளுடைய அப்பாவின் உயரமும் எனக்குத் தெரியாது. இருந்தாலும், “குடும்ப வாகு” என்று கேட்டபோது அம்மா முதலில் சொன்னது அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

கோடு எங்கே வளைந்தது

அடுத்துப் பழைய அளவுகளைத் தேடினோம். அங்கன்வாடிப் பதிவேடு, தொடக்கப் பள்ளியின் உடல்நல அட்டை. கிடைத்தவை: ஐந்து வயதில் 102.5, எட்டில் 118.4, பத்தில் 126.

ஐந்திலிருந்து எட்டு வரை மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட 16 செ.மீ. எட்டிலிருந்து பதினொன்று வரை மூன்று வருஷத்தில் 11 செ.மீ. பழைய டேப்பில் ஒரு சென்டிமீட்டர் பிழை இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் இந்த இடைவெளி மறையாது. பூப்புக்கு முன் ஒரு பிள்ளை வருஷத்துக்கு ஏறக்குறைய ஐந்து செ.மீ. வளர வேண்டும், நாலுக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஐந்திலும் எட்டிலும் −1.4 அருகே ஒரே சீராக வந்தவள், பத்தில் −2, பதினொன்றில் −2.35.

இதே நான்கு புள்ளிகளை இந்திய வரைபடத்திலும் வைத்தோம். அங்கேயும் அதே வளைவு. மூன்றாம் கோட்டுக்கு நன்றாக மேலே கிளம்பி, எட்டு வயதுக்குப் பிறகு சரிந்து அந்தக் கோட்டைத் தொட்டது. எந்தச் சீட்டு உண்மை என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. இரண்டு வரைபடமும் ஒன்றையே சொல்லின, எட்டு வயதில் ஏதோ நடந்திருக்கிறது. ஒரே ஒரு புள்ளியை வைத்து இரண்டு பேர் வாதாடியதில் அது யார் கண்ணிலும் படவில்லை.

நோய் இருக்கிறதா?

வறுமை கண்ணுக்கு எதிரே இருக்கும்போது நோயைத் தேடாமல் விடுவது மலை முகாம்களில் அடிக்கடி நடக்கும். அதனால் வரிசையாகப் பார்த்தோம். தைராய்டு சரி. சிறுநீர், சிறுநீரகச் செயல்பாடு சரி. கோதுமையில் இருக்கும் குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை சரி. பெண் பிள்ளை காரணம் தெரியாமல் குட்டையாக இருந்தால் ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவதால் வரும் டர்னர் குறைபாட்டுக்கு குரோமோசோம் பார்க்காமல் விடக் கூடாது. செலவு, காத்திருப்பு இரண்டையும் எண்ணித் தயங்கினோம், பிறகு பார்த்துவிட்டோம். இயல்பாக இருந்தது.

ஹீமோகுளோபின் 10.4. ரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன, இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். மலத்தில் கொக்கிப்புழு முட்டை. காபித் தோட்டத்தின் நிழலும் ஈரமும் கொக்கிப்புழுவுக்குத் தோதான மண், பிள்ளைகள் நடப்பது வெறுங்காலில். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது ஒன்பதரை. உண்மை வயதைவிட ஒன்றரை வருஷம் பின்தங்கியது. பூப்பின் அறிகுறி இன்னும் தொடங்கவில்லை. அம்மா பூப்படைந்தது 15 வயதில். எலும்பு பின்தங்கியிருப்பது ஒரு வகையில் நல்ல செய்தி, வளர இன்னும் நாள் இருக்கிறது.

உறவினர் ஒருவர் ‘வளர்ச்சி ஊசி’ பற்றிச் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் 2003 முதல், காரணம் தெரியாத குட்டைத்தன்மைக்கு −2.25க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி ஹார்மோன் கொடுக்க அனுமதி உண்டு. உலக சுகாதார நிறுவன அட்டவணையின் எண்ணை வைத்தால் இவள் அந்த எல்லைக்குள் வருகிறாள், ஐஏபி வரைபடத்தை வைத்தால் வரமாட்டாள். இரண்டு வரைபடங்களுக்கு இடையில் பல லட்ச ரூபாய் ஊசி நிற்கிறது என்பது எனக்கே சற்று அதிர்ச்சிதான். ஆனால் இவளுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. ஊசி வேண்டாம் என்று குடும்பத்திடம் தெளிவாகச் சொன்னோம்.

வீட்டுக் கணக்கு

மருத்துவக் கல்லூரிகளில் குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையை மதிப்பிடக் குப்புசாமி அளவுகோல் பழக்கம். 1976ல் வந்தது, நகரக் குடும்பங்களுக்கானது. படிப்பு, தொழில், வருமானம் மூன்றுக்கும் மதிப்பெண். வேறொன்றும் கையில் இல்லாததால் அதையே போட்டுப் பார்த்தோம். விபத்துக்கு முன்னும் பின்னும் மதிப்பெண் ஒன்றிரண்டு குறைந்ததே தவிர வகுப்பு மாறவில்லை. முன்பும் கூலி, இப்போதும் கூலி. வருஷத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று அதில் கேள்வி இல்லை.

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசியபோதுதான் மற்றவை வெளியே வந்தன. விபத்து நடந்த மாதமே கறவை மாட்டை விற்றிருக்கிறார்கள். மிளகை மூன்று வருஷ ஒத்திக்கு விட்டிருக்கிறார்கள். கோழிகள் ஒவ்வொன்றாகப் போயின. அம்மா முழுநேரக் கூலிக்குப் போக, கைக்குழந்தையையும் தம்பியையும் பார்த்துக்கொள்வது எட்டு வயது அக்காவின் வேலையாயிற்று.

வீட்டில் சாப்பாடு: காலையில் வெல்லம் போட்ட கடுங்காப்பி, மதியம் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும், ராத்திரி அதுவே. வயிறு நிறைந்தது, பட்டினி இல்லை. ஆனால் பால் நின்றுபோயிருந்தது, முட்டை எப்போதாவது. ரேஷனில் மாதம் ஒரு கிலோ பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூட இல்லை. பிள்ளையின் உடல் நிறை குறியீடு 14.7, அதாவது மெலிவு என்ற எல்லைக்குள் வரவில்லை. உயரத்துக்கு ஏற்ற எடை இருந்ததால் பார்ப்பவர்களுக்குச் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாளே தவிர, ஒட்டிய பிள்ளையாகத் தெரியவில்லை.

விடுதிக்கு வந்துவிட்டாளே, இனி சரியாகிவிடாதா? காப்பாளரும் அப்படித்தான் நினைத்தார். தொடக்கப் பள்ளியில் அவளுடைய பழைய வருகைப் பதிவைக் கேட்டு வாங்கினோம். நவம்பர் முதல் ஜனவரி வரை, காபிப் பழம் பறிக்கும் பருவத்தில், பாதிக்கு மேற்பட்ட நாட்கள் வரவில்லை. பள்ளியில் முட்டை கொடுத்த நாட்களில் அவள் வீட்டில் தங்கையைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். பிப்ரவரிப் பூச்சி மாத்திரையையும் தவறவிட்டிருக்கிறாள். திட்டம் காகிதத்தில் அவளைச் சேர்ந்திருந்தது. விடுதியிலும் அதே பருவத்தில் அதே காரணத்துக்காகக் கூட்டிப் போவார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

எடுத்த முடிவுகள்

பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் 400 மி.கி., வீட்டில் ஒவ்வொருவருக்கும். தினசரி இரும்பு மாத்திரை, சிகிச்சை அளவில். அதைக் காப்பியோடு போடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மலையில் எந்த மாத்திரையும் காப்பியில்தான் இறங்கும். காப்பி இரும்பை உடலில் சேர விடாது. கொய்யா, நெல்லி, எலுமிச்சை எது கிடைக்கிறதோ அதோடு சாப்பிடச் சொன்னோம்.

சத்து பவுடர், டானிக் இரண்டையும் நிறுத்தினோம். கூடுதல் சர்க்கரையும் எண்ணெயும் போட்டு எடை ஏற்றவும் வேண்டாம் என்று முடிவு. உயரம் குறைந்து வளர்ந்த பிள்ளைக்கு வெறும் கலோரியை ஊட்டினால் பெரும்பாலும் இடுப்பில்தான் ஏறும். விடுதியில் முட்டை உண்டு. ஆனால் நாற்றம் பிடிக்காமல் தோழிக்குக் கொடுத்துவிடுவாள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. சமையலம்மா பொடிமாஸாகச் செய்து பார்த்தார், சாப்பிட்டாள். இதற்கு மருத்துவர் தேவையே இல்லை.

பருவத்தில் வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் இருப்பதுதான் கடினமான பேச்சு. அப்பா நேராகவே கேட்டார்: “சின்னதை யாருங்க பாத்துக்கறது?” அறிவுரை சொல்லி முடிக்கும் விஷயமல்ல இது. கடைக்குட்டியை அங்கன்வாடியில் சேர்த்தோம். அவள் பெயர் ரேஷன் கார்டில் இல்லை, அதற்கும் மனு போட்டார்கள். பகல் முழுவதும் இல்லாவிட்டாலும் மதியம் வரை ஒரு ஏற்பாடு ஆயிற்று. மீதி நேரத்துக்கு அப்பா ஒப்புக்கொண்டார். பறிப்பு நேரத்தில் அவருக்கும் லேசான வேலை கிடைக்கும், அதை விட்டுவிட்டு வீட்டில் இருப்பது அந்தக் குடும்பத்துக்குச் சின்ன விஷயமல்ல.

பிறகு நடந்தது

ஆறு மாதத்தில் உயரம் 131.9, ஹீமோகுளோபின் 11.8. இந்த வயதுக்கு எல்லை 11.5 என்பதால் இரும்பை நிறுத்தலாம் என்று பேச்சு வந்தது. ஆனால் 1500 மீட்டர் உயரத்தில் வாழ்பவர்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருக்கும், எல்லையையும் குறைந்தது அரை கிராம் உயர்த்திப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவள் இன்னும் கரையேறவில்லை. மேலும் மூன்று மாதம் தொடர்ந்தோம்.

ஒரு வருஷத்தில் 135.2. வளர்ச்சி வேகம் வருஷத்துக்கு 3.7லிருந்து 5.8க்கு வந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் இசட் ஸ்கோர் அப்படியே −2.35. வரைபடத்தில் இருக்கும் பிள்ளைகள் அந்த வயதில் பூப்பு வேகத்தில் பாய்கிறார்கள், இவள் இன்னும் தொடங்கவில்லை. அந்த வருஷம் முகாம் மட்டும் நடந்திருந்தால் ‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதியிருப்பார்கள்.

பன்னிரண்டே கால் வயதில் பூப்பின் முதல் அறிகுறிகள். 13 வயதில் உயரம் 142.6, இசட் ஸ்கோர் −2.0. எடை 34 கிலோ. இதில் எவ்வளவு சாப்பாட்டால், எவ்வளவு தாமதமாக வந்த பூப்பின் வேகத்தால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எலும்பு வயது பின்தங்கிய பிள்ளை எப்படியும் கொஞ்சம் எட்டிப் பிடிக்கும். இரண்டாவது பருவத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, சிறுமி மூன்று வாரம் வீட்டில்தான் இருந்தாள். மிளகு ஒத்தி முடிந்து கைக்கு வந்துவிட்டது. மாடு இன்னும் வாங்கவில்லை.

தம்பி

முதல் வருஷத்தின் நடுவில் அம்மா தம்பியையும் கூட்டி வந்தார், யாரும் கேட்காமலே. எட்டு வயது, 113 செ.மீ., இசட் ஸ்கோர் −2.5. ஹீமோகுளோபின் 9.8. விபத்து நடந்தபோது அவனுக்கு ஐந்து வயது. அக்காவைவிட மோசமான நிலையில் இருந்தவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவன் படித்த சிறிய பள்ளிக்கு அந்த வருஷம் முகாமே போகவில்லை. தேசிய குடும்ப நல ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் உயரத்தை அளக்கிறது, 2019–21ல் தமிழ்நாட்டில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றது. அதன் பிறகு 15 வயதில்தான் மறுபடி அளக்கிறது. இவனைப் போன்றவர்கள் அந்த இடைவெளியில் நிற்கிறார்கள்.

அவனுக்கும் அதே சிகிச்சை. பள்ளியில் காலை உணவுத் திட்டம் இருந்தது, மதியம் முட்டையும் இருந்தது, வருகையும் ஒழுங்காக இருந்தது. ஒரு வருஷத்தில் 6.2 செ.மீ. வளர்ந்தான், −2.2க்கு வந்தான். பூப்புக்கு இன்னும் நாள் இருப்பதால் இந்த ஏற்றத்தை அக்காவுடையதைவிட நம்பிக்கையோடு சாப்பாட்டின் கணக்கில் எழுதலாம்.

இனி மாற்ற வேண்டியவை

பரிந்துரைச் சீட்டின் வடிவத்தை மாற்றினோம். பிறந்த தேதி எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது, எதனால் அளந்தது, போன முறை உயரம் என்ன, இடையில் எத்தனை மாதம் என்ற இந்த நான்கையும் நிரப்பாமல் ‘இயல்பு’, ‘குறைவு’ என்று எழுத இடமே இல்லை. வரைபடத்தைப் பொறுத்தவரை ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவனம், அதற்குமேல் ஐஏபி என்பதையே வைத்துக்கொண்டோம். மூன்றாம் கோட்டை ஒட்டி நிற்பவர்களுக்கும், கோடு தாண்டிச் சரிபவர்களுக்கும் வீட்டு விசாரணை உண்டு. பெற்றோர் உயரத்தை எழுதலாம், அதை மட்டும் காரணம் காட்டிக் கோப்பை மூடக் கூடாது.

வீட்டு விசாரணையில் அளவுகோலோடு சில நேரடிக் கேள்விகளைச் சேர்த்தோம்: கடந்த மூன்று வருஷத்தில் வீட்டில் யாருக்காவது விபத்தோ பெரிய நோயோ வந்ததா, கால்நடை விற்றீர்களா, நிலமோ விளைச்சலோ ஒத்திக்குப் போனதா, சின்னப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளைக்குக் குறைவு என்று தெரிந்தால் உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் அளப்பது இப்போது கட்டாயம்.

வருஷத்துக்கு ஒரு முறை என்பதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆக்கியிருக்கிறோம். முதலில் ஜூலையும் ஜனவரியும் என்றுதான் திட்டம் போட்டோம். ஜனவரியில் நாம் தேடும் பிள்ளைகளில் பலர் தோட்டத்தில் இருப்பார்கள் என்று காப்பாளர்தான் சுட்டிக்காட்டினார். அரையாண்டுத் தேர்வுக்கு மட்டும் எப்படியும் எல்லோரும் வந்துவிடுவார்களாம். அதனால் இரண்டாவது அளவு டிசம்பரில், தேர்வு வாரத்தில்.